ஆறாம் மாதத்துக்கும் மூன்றாம் வயதுக்கும் நடுவே

பேறுகாலச் சலுகைச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தாய் வேலைக்குத் திரும்பவேண்டிய நாளில் குழந்தைக்கு நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைதான் ஆகியிருக்கும். குப்புற விழப் பழகிவிட்ட, தவழத் தொடங்காத பருவம் அது. அந்தக் குழந்தை எல்.கே.ஜி.யில் சேர இன்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு நம் சட்டங்களிலும் அரசுத் திட்டங்களிலும் கிடைக்கும் விடை மிகவும் மெலிந்தது. வேலையைத் தொடர்வதா, விடுவதா என்ற முடிவைப் பெண்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் நின்றுதான் எடுக்கிறார்கள்.

அந்த முடிவு வீட்டில் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பார்க்க ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 24,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். டே கேர் கட்டணம் 9,000 ரூபாய். கைக்குழந்தையோடு கூட்டமான பேருந்தில் ஏற முடியாது என்பதால் ஆட்டோவுக்கு 3,000. சமைக்க முடியாத நாட்களில் வாங்கும் சாப்பாட்டுக்கு 2,000. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் அன்று டே கேரில் விட முடியாது. அந்த நாட்களின் சம்பளப் பிடித்தம் 2,000. எல்லாம் போக மிஞ்சுவது 8,000 ரூபாய். அப்போது வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் உண்மையான அக்கறையோடுதான், "எட்டாயிரத்துக்கா இந்த ஓட்டம்? குழந்தை கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்வார். அந்த வாக்கியத்தோடு பல பெண்களின் பணி வாழ்க்கை முடிந்துபோகிறது.

பொருளாதார நோக்கில் பார்த்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு தாயின் சம்பளத்தின் மீது விழும் வரியைப் போன்றது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வரிக்கே போய்விடுகிறது. வருமான வரி சம்பளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். டே கேர் கட்டணம் அப்படி இறங்குவதில்லை. மாதம் 80,000 ரூபாய் வாங்குபவருக்கு அது தாங்கக்கூடிய செலவு. 12,000 ரூபாய் வாங்குபவருக்கு அது கணக்கிலேயே வராது. அவர் வேறு ஏதாவது ஏற்பாட்டைத் தேடுவார், அதைப் பிறகு பார்ப்போம். கட்டணத்தில் ஓராயிரம் ஏறினாலும் இறங்கினாலும் முடிவு மாறிவிடக்கூடிய நிலையில் இருப்பவர்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பெண்கள்தான்.

ஆனால் அந்த வீட்டுக் கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. குழந்தை இருவருக்கும் பொதுவானதாக இருக்கும்போது டே கேர் கட்டணத்தைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பது ஏன்? கணவரின் சம்பளம் 35,000 என்றால், குடும்பத்தின் மொத்த வருமானமான 59,000-இலிருந்துதான் அந்த 9,000 கழிக்கப்பட வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தால் அது பெரிய செலவாகத் தெரியும். வேலையையே அர்த்தமற்றதாக்கும் செலவாகத் தெரியாது. தாயின் வேலை 'கூடுதல்' என்றும் தகப்பனின் வேலை 'அடிப்படை' என்றும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் போடும் கணக்கில், விடையும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

இரண்டாவது பிழை, இந்த மாதத்துச் சம்பளத்தை மட்டும் எடைபோடுவது. பணிக்கொடை பெற ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும் என்பது பொதுவான விதி. நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையை விடும் பெண் அதை முழுவதுமாக இழக்கிறார். தொழிலாளர் வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை. வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கும் நின்றுபோகிறது. மூன்றாண்டு கழித்து வேலை தேடும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்தால் அது நல்வாய்ப்பு. பலருக்கு அதற்கும் கீழிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், பணக்கார நாடுகளில் ஆண், பெண் ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி இன்று முதல் குழந்தையின் பிறப்பை ஒட்டித்தான் தோன்றுகிறது என்று காட்டினார். எட்டாயிரத்துக்காக ஓடுவதாகத் தோன்றும் அந்த மூன்று ஆண்டுகளில், உண்மையில் அவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது அடுத்த முப்பது ஆண்டுகளின் சம்பளத்தை.

டே கேர் நடத்துபவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. நடக்கும் குழந்தைகள் பத்துப் பேரை ஓர் ஆயா சமாளிப்பார். ஆனால் ஆறு மாதக் குழந்தைகளில் மூன்று அல்லது நான்கு பேருக்கு மேல் ஒருவரால் பார்க்கவே முடியாது. ஒருவர் மாதம் 12,000 ரூபாய் வாங்கி நான்கு குழந்தைகளைப் பார்த்தால், வாடகை, பால், மின்சாரம், சுத்தம் எல்லாம் சேர்வதற்கு முன்பே தலைக்கு 3,000 ரூபாய் ஆகிவிடுகிறது. இந்த வேலையை இயந்திரத்தால் வேகப்படுத்த முடியாது. குழந்தைக்குச் சோறு ஊட்ட இருபது நிமிடம் ஆகும் என்றால் இன்றும் இருபது நிமிடம்தான். ஆகவே கட்டணத்தைக் குறைக்க இரண்டு வழிகள்தான் உண்டு: ஆயாவின் கூலியை அமுக்குவது, அல்லது செலவில் ஒரு பங்கை வேறொருவர் ஏற்பது. முதல் வழியில் ஒரு பெண் வேலைக்குப் போவதற்கு இன்னொரு பெண்ணின் வறுமை விலையாகிறது.

கட்டணம் மட்டுமே செலவு என்று நினைத்தாலும் தவறிவிடுவோம். நேரம், தூரம், நம்பிக்கை ஆகிய மூன்றும் கட்டணத்துக்கு இணையானவை. இதைத் திருப்பூரில் நன்றாகக் காணலாம். பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' சாதாரணம். ஆர்டர் அவசரம் என்றால் அதற்கு மேலும் போகும். அங்கே லைன் வீடு ஒன்றில் நான் கண்ட காட்சி இன்னும் மனத்தில் இருக்கிறது. செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண், தன் ஒன்றே கால் வயது மகளை இரண்டு வீடு தள்ளி இருந்த பெண்ணிடம் விட்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்கு வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "சாப்பிட்டுத் தூங்கிட்டா கண்ணு, எழுப்பாதே, அப்படியே தூக்கிட்டுப் போ" என்றார் அந்த அக்கா. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவருக்கு ஒரு தொகை கொடுக்கப்படும். அவரிடம் அப்போது மூன்று குழந்தைகள் இருந்தன. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போன இரண்டு நாளும் மூன்று தாய்மாரும் வேலைக்குப் போகவில்லை. அவர் பல ஆண்டுகளுக்கு முன் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர். தன் மகன் பிறந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அந்த வேலையை விட்டவர்.

அந்த ஊரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய பலர், குழந்தை பால் மறந்ததும் ஊரில் அம்மாச்சியிடம் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும் வயதில்தான் திரும்ப அழைத்து வருகிறார்கள். இதற்கு மாதக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால் எந்தப் புள்ளிவிவரத்திலும் இது செலவாகப் பதிவாவதில்லை. குழந்தையின் முதல் சொற்களைக் கைப்பேசியில் கேட்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய செலவு என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் பெண்ணின் பெற்றோர் ஆறு மாதம், பையனின் பெற்றோர் ஆறு மாதம் என்று முறை வைத்து விமானம் ஏறுவதும் இதே ஏற்பாட்டின் வசதியான வடிவம்தான். அங்கே ஊருக்கு அனுப்பப்படுவது குழந்தையல்ல, வரவழைக்கப்படுவது பாட்டி.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் மற்ற மாநிலங்களைவிட முக்கியமானது. 2019-20-ஆம் ஆண்டின் தொழில்துறை ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் நூற்பாலைகளிலும் மின்னணு ஆலைகளிலும் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்தால், பெரும்பாலும் திருமணமாகாத இளம் வயதினர். திருமணம், குழந்தை என்று ஆனதும் அந்த இடம் காலியாகி அடுத்த இளம்பெண் வந்து சேர்கிறார். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் பகுதிக் கைப்பேசி ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்ற செய்தி வெளியானபோது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஒரு மாநிலத்தின் தொழில் வளர்ச்சி தாயாவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நகரும் என்றால், அந்தப் பெண்களின் கைத்திறனில் பெரும்பகுதியை அது வீணடிக்கிறது என்றே சொல்வேன்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. பெண்களின் எண்ணிக்கையை வைத்துக் கடமையை நிர்ணயித்தால், முப்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் எண்ணம் முதலாளிக்கு வருவது இயல்பு. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கவனித்து, ஆண், பெண் என்று பிரிக்காமல் 50 ஊழியர்கள் இருந்தால் காப்பக வசதி கட்டாயம் என்றது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 50 என்ற வரம்பை ஏற்று, பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவான காப்பகம் நடத்தவும் வழி செய்தது. ஆனால் இந்தியாவில் சம்பளம் வாங்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஐம்பது பேர் இல்லாத கடையிலும் பட்டறையிலும், பிறர் வீட்டுச் சமையலறையிலும், வயலிலும் இருக்கிறார்கள். அவர்களை இந்த வரம்பு தொடுவதே இல்லை.

அதே திருத்தத்தில் இன்னொரு குறை உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் வரும் பெண்ணின் பேறுகாலச் சம்பளத்தை அந்த நிதி கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் பெண்ணின் 26 வாரச் சம்பளத்தை நிறுவனமே முழுவதும் கொடுக்க வேண்டும். பேறுகால ஊதியச் சுமையைத் தனி முதலாளியின் தலையில் கட்டக் கூடாது, சமூகக் காப்பீட்டிலோ பொது நிதியிலோ ஏற்க வேண்டும் என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை முன்வைக்கும் பொது விதி. அந்த உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. இருபத்தெட்டு வயதுப் பெண்ணை நேர்காணலில் பார்க்கும் சிறு நிறுவன முதலாளியின் மனத்தில் ஓடும் கணக்கு இங்கிருந்துதான் பிறக்கிறது. தகப்பனுக்குக் கட்டாய விடுப்பு எதையும் தனியார் துறையில் சட்டம் கேட்கவில்லை. அதனால் குழந்தை பிறப்பு என்பது பெண் ஊழியருக்கு மட்டும் நேரும் நிகழ்வாகவே அந்த முதலாளிக்குத் தெரிகிறது.

காகிதத்தில் இருக்கும் காப்பகம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஓர் ஆலையில் அந்த அறை இருந்தது. சுவரில் யானை, மயில் எல்லாம் வரைந்திருந்தார்கள். தொட்டில்களின் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெளிநாட்டு வாங்குநர்களின் ஆடிட் வரும்போது பெட்டிகள் நகரும் என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். ஆனால் எல்லாப் பழியையும் ஆலையின் மீது போட்டுவிட முடியாது. அறை திறந்தே இருந்தாலும், நெரிசலான கம்பெனி வேனில் முக்கால் மணி நேரம் கைக்குழந்தையோடு வரத் தாய்மார் தயங்குகிறார்கள். காப்பகம் வேலையிடத்தில் இருப்பதைவிட, நடந்து போய் விடும் தூரத்தில் வீட்டுப் பக்கம் இருப்பதையே பலரும் விரும்புகிறார்கள். அங்கே அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்க்க முடியும்.

வேலையிடமும் குடியிருப்பும் ஒன்றாக இருந்த இடத்தில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்திருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் அதற்கு எடுத்துக்காட்டு. இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா, பிள்ளை மடுவம் என்று தமிழில் அதற்குச் சொந்தப் பெயர்களே உண்டு. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் தாய் குழந்தையை அங்கே விட்டுவிட்டு மலை ஏறுவாள். இந்தியாவிலும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தோட்ட முதலாளிகள் பெண்கள்மீது கொண்ட இரக்கத்தால் இது வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொழுந்து பறிப்பது பெண்களின் கை. குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். தாயின் உழைப்பு இன்றியமையாதது என்று தெரிந்த இடத்தில் காப்பகச் செலவு உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது.

அரசே செலவை ஏற்றால் என்ன நடக்கும் என்பதற்கு அதிகம் ஆராயப்பட்ட இடம் கனடாவின் கியூபெக் மாகாணம். 1997-இல் அங்கே நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கப்பட்டது. முதலில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு, பிறகு படிப்படியாக 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லாச் சிறு குழந்தைகளுக்கும். மைக்கேல் பேக்கர், ஜொனதன் குரூபர், கெவின் மில்லிகன் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணமான தாய்மாரின் வேலைவாய்ப்பு விகிதம் மற்ற மாகாணங்களோடு ஒப்பிட 7.7 சதவீதப் புள்ளிகள் கூடியது. அதே ஆய்வு, குழந்தைகளின் நடத்தையிலும் உடல்நலத்திலும் சில பின்னடைவுகளைப் பதிவு செய்தது. இடங்களை வேகமாகப் பெருக்கியபோது தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. இந்த இரண்டாவது முடிவை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது நேர்மையல்ல. ஆயினும் கனடா அந்தப் பாதையைக் கைவிடவில்லை. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நாடு முழுவதும் நாளுக்குப் பத்து டாலர் என்ற இலக்கை அறிவித்து, ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 30 பில்லியன் டாலர் ஒதுக்கியது.

நார்வேயின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே 1975-இல் தொடங்கிய விரிவாக்கத்தால் காப்பகங்களில் குழந்தைகள் பெருகினாலும் தாய்மாரின் வேலை பெரிதாகக் கூடவில்லை என்று பிற்கால ஆய்வு கண்டது. உறவினரிடமும் அக்கம்பக்கத்திலும் வளர்ந்த குழந்தைகள்தான் காப்பகத்துக்கு மாறினார்கள். காப்பக வசதி சிறந்து விளங்கும் டென்மார்க்கிலேயே, குழந்தை பிறந்தபின் பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்டகாலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்குகிறது என்று ஹென்ரிக் கிளெவனும் அவருடைய உடனாய்வாளர்களும் 2019-இல் காட்டினார்கள். காப்பகம் பகல் நேரத்தைத் தாய்க்குத் திருப்பித் தரும். வீட்டுக்கு வந்தபின் யார் சமைப்பது, இரவில் யார் எழுந்து பால் கரைப்பது என்பதை அது மாற்றாது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம்.

காசு கொடுத்து எந்த ஏற்பாடும் செய்ய முடியாத வீடுகளில் இந்தச் செலவை நீண்டகாலமாகக் கட்டியவள் மூத்த மகள். தாய் களையெடுக்கப் போனால், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் நின்றவள் அவள். அவளுடைய பள்ளிப் படிப்புதான் கட்டணம். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக் குழந்தைகளோடு இரண்டு வயது முதலான சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. பசியைத் தீர்த்ததற்காக அதைக் கொண்டாடுகிறோம். சில மணி நேரமாவது தம்பி, தங்கையை இறக்கிவைக்க ஓர் இடம் கொடுத்தது என்பதற்காகவும் அதைக் கொண்டாட வேண்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்திலும், வேலையிடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால் தொழிலாளர்களில் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து, மற்றவர்களுக்கு உள்ள கூலியையே அவருக்கும் தர வேண்டும் என்ற விதி இருந்தது. குழந்தையைப் பார்ப்பதும் மண் வெட்டுவதும் ஒரே கூலிக்குரிய வேலை என்று ஓர் இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம் அது.

அங்கன்வாடி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு காந்தி பிறந்த நாளில் 33 வட்டாரங்களில் தொடங்கி, இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம், தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல். நடந்து போகும் தூரம், தெரிந்த ஆள், கட்டணம் இல்லை. தாய்மார் கேட்கும் மூன்றும் அதில் உண்டு. இல்லாதவை கைக்குழந்தைக்கான தொட்டிலும், மாலை வரை திறந்திருக்கும் கதவும். 2022-இல் வந்த பால்னா திட்டம் இந்தக் குறையைத்தான் குறிவைத்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்கு, அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களை மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் நடத்துவது நோக்கம். இலக்கு 17,000 மையங்கள். நாட்டில் உள்ள அங்கன்வாடிகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவைச் சற்றுத் தாண்டும்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, வேலைக்குப் போகும் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. அதே தர்க்கத்தைக் குழந்தைக் காப்பகத்துக்கும் நீட்டுவது புதுமையான யோசனை அல்ல. ஆனால் நீட்டும்போது நேரத்தைச் சரியாக அமைக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை, நடுவில் உணவு இடைவேளை, போக வர ஒன்றரை மணி நேரம் என்றால் பத்து மணி நேரம் ஆகிறது. ஏழரை மணி நேரக் காப்பகம் அதற்குப் போதாது. திருப்பூரின் பன்னிரண்டு மணி நேர ஒன்றரை ஷிப்ட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் அது ஈடுகட்டும். மீதி நேரத்துக்கு அந்தப் பெண் மறுபடியும் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம்தான் போக வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பூதியம் 2018-ஆம் ஆண்டு உயர்வுக்குப் பிறகு மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. மையத்தை இரவு எட்டரை வரை திறந்து வைக்க வேண்டுமானால், அதே ஊழியரை அதே தொகைக்குக் கூடுதலாக நிற்கச் சொல்ல முடியாது. இரண்டாவது ஷிப்ட்டுக்கு இன்னொரு பெண்ணை, முறையான சம்பளத்தில், நியமிக்க வேண்டும்.